பூரி சுட்ட மகராசி

கேள்வி: இங்கிலாந்தில் விக்டோரியா வுட் தானே எழுதி, தானே நடித்து, பாடி நாட்டையே சிரிக்க வைத்தாராமே! நம் தாமிரபரணிச் சீமையில் அப்படி ஒரு நகைச்சுவை அரசி உண்டா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஏன் இல்லை? டி.பி. முத்துலட்சுமி இருக்கிறாரே! தூத்துக்குடிக்காரர். 1986 வரை தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டம்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும் அந்தப் பக்கம்தான். ஆகவே தாராளமாக உரிமை கொண்டாடலாம். பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கதையான ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்திலும் நடித்தார்.

‘அறிவாளி’ (1963) படத்தில் அந்தப் பூரிக் காட்சியைப் பாருங்கள். கணவராக வரும் தங்கவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு பூரி சுடும் பக்குவத்தைப் படிப்படியாகச் சொல்கிறார். மனைவியாக வரும் முத்துலட்சுமி ஒவ்வொரு படிக்கும், அது தனக்கு முன்பே தெரியும் என்கிறார். பதில் ஒன்றேதான், ஆனால் ஒவ்வொரு முறையும் குரல் வேறு, முகம் வேறு. பாவம், தங்கவேலுவின் பொறுமை எண்ணெய்க்கு முன்பே கொதித்துவிடும்! வசனத்தைத் தாளில் எழுதலாம். அந்த இழுவையை எந்தத் தாளில் எழுத? அது முத்துலட்சுமி தானே எழுதியது.

இயக்குநர் டி.பி. கஜேந்திரன் இவர் வளர்த்த பிள்ளை. முத்துலட்சுமி 2008-இல் மறைந்தார். கதாநாயகிகளுக்கு விழா எடுக்கும் நாம் இவரை மறக்கலாமா? அடுத்த முறை வீட்டில் பூரி சுடும்போது, அந்தக் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், தாயே!