கமா அண்ணன்

ஆராய்ச்சி நடக்கிறது என்று போர்டு மாட்டிய எந்த டிபார்ட்மென்டுக்குப் போனாலும் அங்கே ஒரு கமா அண்ணன் இருப்பார். வேதியியலில் இருப்பார், விலங்கியலில் இருப்பார். நூலக அறிவியலில் இரண்டு பேர் இருப்பார்கள். ரெஃபரன்ஸ் எழுதுவதில் ஒருவர் ஏபிஏ கட்சி, இன்னொருவர் வான்கூவர் கட்சி என்பதால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

ஸ்காலர்களிலேயே அவர்தான் சீனியர். பிஎச்.டி. எத்தனையாவது வருஷம் என்று கேட்பது மரியாதையாகாது. கைடுகூட அவரை "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். கைடுக்கு புராஜெக்ட் பணம் வாங்கத் தெரியும், ரிவியூவரைச் சமாளிக்கத் தெரியும். ஆனால் ஜர்னல்காரன் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கும் விதிமுறைகளை உட்கார்ந்து படிக்க அவருக்கு ஏது பொறுமை?

மற்றவர்கள் ஒரு பேப்பரை முன்னாலிருந்து படிப்பார்கள். அண்ணன் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து, பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்வார். மருந்து கொடுத்த எலி பிழைத்ததா, செத்ததா என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

"அண்ணா, ரெஃபரன்ஸ் கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா? நாளைக்கு சப்மிட் பண்ணணும்னு மேடம் சொல்லிட்டாங்க."

"எந்த ஜர்னல்?"

பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வார். "அவனா? அவனுக்கு வருஷம் போல்டுல வேணும். வால்யூம் இட்டாலிக். ஜர்னல் பேரைச் சுருக்கணும், ஆனா நேச்சர், சயின்ஸ்னு ஒத்தை வார்த்தையா இருந்தா தொடக்கூடாது."

ஜர்னல்களை அவன், இவன் என்றுதான் சொல்வார். எல்லாரும் அவருக்குப் பழைய பங்காளிகள்.

"பதினேழாவதுல என்னப்பா இது?"

"என்னண்ணா?"

"பக்க எண்ணுக்கு நடுவுல ஹைஃபன் போட்டிருக்க. 'என்-டேஷ்' வரணும்."

"ரெண்டும் கோடுதானே அண்ணா?"

அண்ணன் பதில் பேச மாட்டார். திரையை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இரண்டு கோட்டையும் மேலும் கீழுமாக வைத்து, மௌசை எடுத்து ஜூனியர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பையன் எல்லா ஹைஃபனையும் மாற்றியிருப்பான்.

ஆனால் அண்ணன் அண்ணனாக விளங்குவது பெயர் விவகாரத்தில்தான். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. நமக்கு இருப்பதெல்லாம் அப்பா பெயரின் முதலெழுத்து. ஜர்னலின் ஆன்லைன் படிவமோ 'லாஸ்ட் நேம்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. முருகேசன் மகன் கார்த்திக் என்ன செய்வான்? அப்பா பெயரை அங்கே போட்டுவிடுவான். பேப்பர் வெளிவந்த பிறகு உலகம் முழுக்க "முருகேசன் கே." என்றே மேற்கோள் காட்டும். ஊரில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் முருகேசன், தனக்கே தெரியாமல் நானோ துகள் நிபுணராகிவிடுவார். அடுத்த பேப்பரில் விவரமாகி "கார்த்திக் எம்." என்று போட்டால், முந்தைய சைட்டேஷன் எதுவும் மகன் கணக்கில் சேராது. அப்பாவின் இனிஷியலோடு எழுத ஆரம்பித்து, கல்யாணத்துக்குப் பின் கணவரின் இனிஷியலுக்கு மாறிய பெண்களின் கதை இன்னும் சிக்கல். இதற்கென்றே 2012 முதல் ஆர்கிட் என்று ஆளுக்கொரு 16 இலக்க எண் கொடுக்கிறார்கள். அண்ணனுக்குத் தன் எண் மனப்பாடம், உங்களுடையதும்.

ராமனும் கிருஷ்ணனும் 1928-இல் எழுதிய கட்டுரையா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "நேச்சர், 121-ஆவது வால்யூம், பக்கம் 501 முதல் 502" என்பார். அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு ஆத்தர்தான். எட் ஆல் வராது" என்பார்.

டீ வாங்கிக் கொடுத்தால் புராணமும் கிடைக்கும். அடைப்புக்குறிக்குள் ஆண்டு போடும் ஹார்வர்டு முறையை, எட்வர்ட் மார்க் என்ற விலங்கியல் பேராசிரியர் 1881-இல் ஓடில்லாத நத்தை பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆரம்பித்தார் என்பார்கள். "நத்தையில ஆரம்பிச்சதுதான், உன் பேப்பர் இன்னும் ஊர்ந்துகிட்டிருக்கு" என்பது அண்ணனின் நிரந்தர ஜோக். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதில் பிறந்தது எண் போடும் வான்கூவர் முறை. அதில் ஆறு பேருக்கு மேல் போனால் மீதிப் பேர் 'எட் ஆல்'. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். ஆறு பெயரைப் போட்டுவிட்டால் மீதி 5,148 பேரும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். அதைச் சொல்லும்போது அண்ணனின் முகத்தில் ஒரு பரவசம் வரும்.

அவரைக் கலங்கடித்தது 2019-இல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பு. நூலை வெளியிட்டவரின் ஊர் இனி வேண்டாம் என்று அது சொல்லிவிட்டது. வைலி பதிப்பகம் நியூயார்க்கா, ஹோபோகனா என்று ஜூனியர்களை வருஷக்கணக்கில் அலையவிட்டவர் அவர். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ரெஃபரன்ஸ் போடத்தான் சொட்டெரோ, மெண்டலி என்று சாஃப்ட்வேர் இருக்கிறதே என்பீர்கள். அண்ணன் சிரிப்பார். இறக்கிய தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருக்கும். சாய்ந்திருக்க வேண்டிய பாக்டீரியா பெயர் நிமிர்ந்து நிற்கும். எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினால், கைடு தன் பழைய வேர்டில் திறந்து சேமித்து, இணைப்பு மொத்தத்தையும் வெறும் எழுத்தாக்கித் திருப்பி அனுப்புவார்.

அண்ணனுக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்ட எல்செவியர் நிறுவனம் ஒரு மாதிரி வைத்திருந்தது: வான் டெர் கீர், ஹான்ராட்ஸ், லப்டன் என்று மூன்று ஆசிரியர்கள், 2000-ஆம் ஆண்டு, வால்யூம் 163, பக்கம் 51 முதல் 59. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆனாலும் ஏறத்தாழ 400 பேப்பர்களில் அது மேற்கோளாக ஏறியிருந்தது 2017-இல் அம்பலமானது. மாதிரியை நீக்க மறந்தவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். ஜூனியர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அண்ணன் மட்டும், "ஆனா ஃபார்மட்ல ஒரு தப்பு இல்ல, பாத்தியா?" என்பார்.

கிண்டல் போதும். இன்று ஏ.ஐ.யிடம் கேட்டால் எழுதப்படாத கட்டுரைக்கும் கமா பிசகாமல் ரெஃபரன்ஸ் வருகிறது. கைடு பார்ப்பதில்லை, எழுதியவரே பார்ப்பதில்லை. ஒவ்வொரு ரெஃபரன்ஸின் டிஓஐ இணைப்பையும் சொடுக்கி, அது எங்கே போகிறது என்று பார்க்கிற ஒரே ஆள் இவர்தான். "இருபத்தி மூணாவது எங்கப்பா, திறக்கவே மாட்டேங்குது?" என்று அவர் கேட்டதால் மானம் தப்பிய டிபார்ட்மென்டுகள் உண்டு. அந்த பேப்பர்களின் நன்றியுரையில் அவர் பெயர் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் சப்மிஷனுக்கு எந்த ஃபார்மட்டில் கொடுத்தாலும் போதும் என்று இப்போது பல ஜர்னல்கள் அறிவித்துவிட்டன. அண்ணன் நம்பவில்லை. "மொதல்ல அப்படித்தான் சொல்வான்" என்கிறார்.

ஆகவே, உங்கள் டிபார்ட்மென்டிலும் ஒருவர் இருந்தால் முந்தின நாள் ராத்திரி போய் நிற்காதீர்கள். நாலு நாள் முன்னால் போங்கள். பிடிஎஃப் வேண்டாம், வேர்டு ஃபைலாக எடுத்துப்போங்கள். டீச் செலவு உங்களுடையது.