வலிக்காத வியாதி

உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. பல்வலிக்காரர் நள்ளிரவிலும் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுவார். 160/100 வைத்திருப்பவரோ பந்தியில் இரண்டாவது அப்பளம் கேட்பார். அது பல வருடம் சத்தமில்லாமல் தமனிச் சுவர்களைத் தடிக்கவைத்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் அலுக்கவைத்து, ஒருநாள் மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளியே வரும். ‘நேத்துகூட நல்லாத்தானே இருந்தார்’ என்று உறவினர்கள் சொல்வார்கள்.

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அப்படித்தான் ‘நல்லா இருந்தார்’. அவருடைய சொந்த மருத்துவர் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர். வயதுக்கு அதிபரின் உடல்நிலை பரவாயில்லை என்றே சொல்லிவந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து அதிபர் இறந்தார். அன்று குறித்துவைத்த அழுத்தம் 300/190. அழுத்தத்தைக் குறைக்க நல்ல மாத்திரை அன்று கிடையாது என்பதால் மருத்துவரை ரொம்பவும் குறை சொல்ல முடியாது. காது மூக்கு தொண்டை கடைசிவரை நன்றாகவே இருந்திருக்கும். மூன்று ஆண்டு கழித்து, 1948இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவு அங்கேதான் தெளிவாகப் பிடிபட்டது.

பிரஷர் பார்ப்பதற்கு முறை உண்டு. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். இந்த ஐந்து நிமிடம்தான் தமிழர்களுக்குப் பெரும் சோதனை. கையில் பட்டை இறுகும்போதே மருமகள் புராணம் தொடங்கிவிடுகிறது. பேச்சே அளவை ஏற்றிவிடும், மருமகள் பாவம்.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு டீஸ்பூன். இட்லி மாவு, சட்னி, சாம்பார், ரசம், கூட்டு, மோர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் மூன்றும் கணக்கில் வராதவை என்பது சாப்பிடுபவரின் சொந்தச் சட்டம். இந்துப்பு வாங்கி நிம்மதி அடைபவர்கள் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், விலை மட்டும் கூடுதல்.

மாத்திரை விஷயம் இன்னும் வேடிக்கை. மாத்திரை போட்டு அளவு 120/80க்கு இறங்கியதும், ‘சரியாப் போச்சு’ என்று நிறுத்திவிடுகிறார்கள். இறங்கியதே மாத்திரையால்தான் என்று சொன்னால், தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும் என்று பதில் வரும். கட்டுப்படாத அழுத்தம்தான் கிட்னியைப் பிடுங்குகிறது. சில மாத்திரைகளால் கணுக்கால் வீங்கும், வேறு சிலவற்றால் வறட்டு இருமல் வரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். பலர் டாக்டரைத் தவிர ஊரில் எல்லாரிடமும் சொல்கிறார்கள்.

அலைச்சல் என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தால் அழுத்தம் குறையாது, விழுங்க வேண்டும். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் வட்டி சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது, வழக்கமான அளவே போதும்.