தொட்டி நிறையத் தண்ணி

கில்மோர், விக்டோரியா

அன்புள்ள அக்கா,

"ரெண்டரை ஏக்கர் வாங்கியிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இன்னும் பால் காய்ச்சலையே, அந்த ஊர்ல கொத்தனாரே கிடையாதாலே?" என்று போனில் கேட்டாய். பின்னால் அத்தான் சிரித்ததும் கேட்டது. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கொத்தனார் இருக்கிறார், அவருக்குத்தான் வேலை இல்லை. இங்கே காங்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் 90 மில்லிமீட்டர் பைன் சட்டங்களை ஆணியடித்து நிறுத்தினால் வீடு. செங்கல் வெளிப்பக்கம் ஒரே ஒரு வரிசை, அதுவும் பாரம் தாங்குவதற்கு இல்லை, சட்டை மாதிரி. வீடியோவில் காட்டினபோது ஆச்சி, "கோழிக்கூடு நல்லா இருக்குய்யா, வீட்டைக் காட்டு" என்றாளே!

சொந்தமாக வீடு கட்ட நினைக்கிறவன் இங்கே பரீட்சை எழுத வேண்டும். எழுதினேன், பாஸ். ஆனால் நான் படித்த படிப்பு செல்லாது. எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன் என்பது ஃபீஸ் கட்டின அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். இந்த ஊர்ச் சட்டப்படி நான் பல்பு மாற்றலாம், அவ்வளவுதான். ஒரு ஸ்விட்ச் மாட்டுவதற்கும் லைசென்ஸ் உள்ள ஆள் வரவேண்டும். டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அத்தான் பம்புசெட்டுக்கு ஸ்டார்டர் மாட்டுவாரே, அதை நான் இங்கே வெளியே சொல்வதில்லை.

எல்லாம் ஒருவழியாக முடியும், தொட்டி மட்டும்தான் முடியாது. எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் வராது. கூரையில் விழும் மழைதான் குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும். பெரிய காங்கிரீட் தொட்டி ஒன்று வைத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்து அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதில் 10,000 லிட்டர் என்னுடையது இல்லை. காட்டுத்தீ வரும் என்று வரைபடத்தில் குறித்த இடத்தில், இவ்வளவு பெரிய மனையில் வீடு கட்டினால், 10,000 லிட்டர் தீயணைப்புக்கென்றே கிடக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி ஆகாது. காங்கிரீட் அல்லது இரும்பு, அதுவும் தரைக்கு மேலே.

ஒதுக்கிவிட்டால் போச்சு என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டுக் குழாய் தொட்டியின் நடுவயிற்றில், தீயணைப்பு வால்வு அடியில். கோடையில் தண்ணீர் நடுவயிற்றுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். போன மாசி மாதம் கையெல்லாம் சிமெண்டோடு குழாயைத் திறக்கிறேன், புஸ்ஸென்றது. தொட்டியைத் தட்டினால் 'தொம்'மென்று நிறைந்த சத்தம்! தண்ணி லாரிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் வந்து, தண்ணீர் இருக்கிற தொட்டியில் தண்ணீரை ஊற்றி, காசை வாங்கிக்கொண்டு போனார். உள்ளூர்க்காரர், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அத்தானுக்கு இதைச் சொன்னதும், "அடி வால்வுல ஒரு டீ மாட்டி எடுத்துக்கோங்க மாப்ளே, எவன் பார்க்கப் போறான்?" என்றார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வைத்திருக்கிறார்கள். 64 மில்லிமீட்டர் கப்ளிங், அங்குலத்துக்கு மூன்றே மரை. இங்கத்திய கிராமத் தீயணைப்புப் படையின் ஹோஸுக்குச் சேரும், நம் தோட்டத்து ஹோஸுக்குச் சேராது. இன்ன இடத்தில் தீயணைப்புத் தண்ணீர் இருக்கிறது என்று போர்டும் வைக்க வேண்டும். என் தண்ணீருக்கு நான் காவல், சம்பளம் கிடையாது.

அந்த வால்வுக்கு 4 மீட்டர் பக்கத்தில் தீயணைப்பு லாரி வந்து நிற்க வழி வேண்டும். மூன்றரை மீட்டர் அகலம், 15 டன் பாரம் தாங்கவேண்டும், மழையில் சேறாகக் கூடாது. ஆக, வீடு வருவதற்கு முன்னால் ரோடு வந்துவிட்டது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற ரோட்டைவிட நன்றாக இருக்கிறது. அதில் போய்வருவது என் பழைய காரும் ஒரு கங்காருவும்.

அம்மா துளசி மாடம் எங்கே என்று கேட்டாள். வீட்டைச் சுற்றி ஜன்னலுக்கு 3 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகச் செடி இருக்கக்கூடாது என்று என் பெர்மிட்டில் எழுதியிருக்கிறது. துளசியை 10 சென்டிமீட்டரில் நிறுத்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? மாடத்தைத் தள்ளி வைத்தாயிற்று. கும்பிடப் போனால் பனிக்காலத்தில் விறைத்துப்போகும், எனக்கும் துளசிக்கும். ஜன்னல் வலையில் 2 மில்லிமீட்டருக்கு மேல் துவாரம் ஆகாது. ஈக்காக இல்லை அக்கா, காற்றில் பறந்து வரும் நெருப்புப் பொறிக்காக.

சிரித்துக்கொண்டேதான் இதெல்லாம் எழுதுகிறேன். ஆனால் 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி மெல்போர்னில் 46.4 டிகிரி வெயில். அன்று எங்கள் ஊருக்குக் கிழக்கே கில்மோர் ஈஸ்டில் ஒரு மின்கம்பி அறுந்து தீப்பிடித்தது. அன்றைய தீக்களில் மாநிலம் முழுக்க 173 பேர் போய்விட்டார்கள். என் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிழவர் அன்று தீயணைப்பு லாரியில் இருந்தவர், சம்பளமில்லாத தொண்டர். தொட்டியைப் பற்றி அவரிடம் புலம்பினேன். அவர் குனிந்து வால்வைத் திருகிப் பார்த்துவிட்டு, "இறுக்கமா இருக்கு, கொஞ்சம் கிரீஸ் போடு" என்று மட்டும் சொன்னார். போட்டேன்.

பெரியப்பா வீட்டு வைக்கோல் படப்பு எரிந்த ராத்திரி தெருவே குடத்தோடு கிணற்றடியில் வரிசையாக நின்றது, நீதான் என்னைத் திண்ணையை விட்டு இறங்கவிடவில்லை. இங்கே என் வீட்டுக்கும் கிழவர் வீட்டுக்கும் நடுவில் கத்தினால் கேட்காது. அமைதி, அமைதி என்று ஆசைப்பட்டு வாங்கின இடம். சில ராத்திரி யாராவது வந்து எதற்காவது சண்டை போட்டால் தேவலை போலிருக்கிறது.

சரி, ஷெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. இங்கே வீட்டுக்கு முன்னால் ஷெட் கட்டுவார்கள், நானும் கட்டினேன். வெல்டிங் மெஷின் இருக்கிறது, கட்டிங் மெஷின் இருக்கிறது. நானே வெல்டு வைத்த கேட் நிற்கிறது, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பது காற்றினால். அடுத்து முற்றத்தில் இரும்புச் சட்டத்தில் ஊஞ்சல். லீவு கிடைப்பது கோடையில். கோடையில் வெயில் ஏறினால் நெருப்புத் தடை நாள் என்று அறிவித்துவிடுவார்கள், அன்று வெளியில் வெல்டிங் கூடாது. ஊஞ்சலுக்கு இப்போதைக்கு மூன்று கால்.

ஆடு வாங்கலாம் என்று ஆச்சி சொன்னாள். ஒரே ஒரு ஆடு வைத்தாலும் நிலத்துக்கு எட்டெழுத்து நம்பர் வாங்க வேண்டும், ஆட்டுக் காதில் சிப் வைத்த தோடு போடவேண்டும். ஆச்சியிடம் தோடு என்று மட்டும் சொல்லு, சந்தோஷப்படுவாள்.

பால் காய்ச்சுக்குத் தை மாதம் வேண்டாம், இங்கே அது உச்சிக் கோடை. முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினால், வாசலில் வந்து நிற்பது சொந்தக்காரர்கள் இல்லை, அந்த 15 டன் லாரிதான். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லு. குளிர்தான், ஆனால் தொட்டி நிறைந்திருக்கும். வரும்போது மாவிலை, சாணி, விறகுக்குச்சி ஒன்றும் கொண்டுவராதே, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். பித்தளைக் குத்துவிளக்கு போதும்.

அத்தானிடம் நம் பட்டாசல் ஊஞ்சலின் சங்கிலி நீளம், பலகை அகலம் இரண்டையும் அளந்து அனுப்பச் சொல்லு. முழம், சாண் கணக்கு வேண்டாம். மில்லிமீட்டரில் வேண்டும். "ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவு" என்று போனதரம் அனுப்பினாரே, அந்த ஆள் யார், அவர் உயரம் எவ்வளவு என்றாவது எழுதச் சொல்லு.

அன்புத் தம்பி