எட்டாத கோப்பைக்கு எண்பதாயிரம் நாற்காலி

டோக்கியோவின் புதிய தேசிய விளையாட்டரங்கம் கட்டி முடிக்கப்பட்டது 2019 நவம்பர் 30ஆம் தேதி. எந்த ரக்பி உலகக் கோப்பையைக் காட்டி அதைக் கேட்டார்களோ, அதன் இறுதி ஆட்டம் நவம்பர் 2ஆம் தேதியே யோகோஹாமாவில் முடிந்து, தென்னாப்பிரிக்கா கோப்பையோடு ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. தாலி கட்டி, பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வண்டி ஏறிய பிறகு வாசலில் வாழைமரம் கட்டியவர்களை எங்காவது பார்த்ததுண்டா? இவர்கள் கட்டினார்கள். வாழைமரத்தின் விலை ஏறத்தாழ 15,700 கோடி யென்.

திடீரென்று கதவைத் தட்டிய விருந்தல்ல அது. 2019 போட்டி ஜப்பானில்தான் என்று 2009இலேயே முடிவாகிவிட்டது. 2011 பிப்ரவரியில், அந்தப் போட்டியின் வெற்றிக்காகக் கட்சி பேதமின்றிக் கூடிய எம்.பி.க்கள், 80,000 பேர் உட்காரும் தேசிய அரங்கம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். (எம்.பி.க்கள் கட்சி பேதமின்றிக் கூடினார்கள் என்று எங்கே படித்தாலும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.) மறுமாதம் 11ஆம் தேதி வடகிழக்குக் கடற்கரையின் ஊர்களை ஆழிப்பேரலை வழித்துக்கொண்டு போனது. தீர்மானத்தின்மேல் மட்டும் ஒரு துளி ஈரம் படவில்லை.

கதாநாயகர் யோஷிரோ மோரி. முன்னாள் பிரதமர், ஜப்பான் ரக்பி சங்கத் தலைவர், பிறகு டோக்கியோ ஒலிம்பிக் அமைப்புக் குழுவுக்கும் தலைவர். 2012இல் சர்வதேசப் போட்டி வைத்துக் கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதீதின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தபோது மதிப்பு 13,000 கோடி யென். 2015 ஜூலையில் அது 25,200 கோடியாக ஊதியிருந்தது. தேர்வுக் குழுத் தலைவரான கட்டடக் கலைஞர் தடாவோ அன்டோ பத்திரிகையாளர்களைக் கூட்டி, இவ்வளவு ஏன் ஆனது என்று தானும்தான் கேட்க விரும்புவதாகச் சொன்னார். தேர்ந்தெடுத்தவரே கேட்பவர்கள் வரிசையில் போய் நின்றுகொண்டால் பதில் சொல்ல யார் மிச்சம்? மறுநாள் பிரதமர் ஷின்ஸோ அபே வரைபடத்தைக் கிழித்துப் போட்டார். உலகக் கோப்பைக்கு அரங்கம் தயாராகாது என்பதும் அன்றே உறுதியானது.

மோரிக்குக் கோபம் வந்தது. வெறும் 25,000 கோடியைக்கூட ஒரு நாட்டால் தர முடியவில்லையா என்று கேட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதே நாட்களில், அந்த வடிவம் தனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை, பச்சைச் சிப்பி வழிவதுபோல இருக்கிறது என்றும் சொன்னார். பிடிக்காத சிப்பிக்கே 25,000 கோடி என்றால், பிடித்த சிப்பியாக இருந்திருந்தால் ஜப்பான் ஒரு தீவை விற்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது வரைபடம் கெங்கோ குமாவுடையது. 47 மாகாணங்களிலிருந்தும் தருவித்த மரத்தை இறவாரத்தில் அழகாக வரிசைப்படுத்தினார்கள். அது கேமராவுக்குத் தெரியும் மரம். காங்கிரீட் வார்ப்புக்குப் போட்ட சென்ட்ரிங் பலகையில் மலேசியாவின் சரவாக் காட்டு மரமும் இருந்ததை 2017இல் சூழல் அமைப்புகள் வெளியே கொண்டுவந்தன. அது கேமராவுக்குத் தெரியாத மரம். ஒலிம்பிக் சுடர் எரிய இடமே விடவில்லை என்பது 2016இல்தான் கண்ணில் பட்டது. சிக்கனம் என்று குளிர்சாதனத்தையும் வெட்டினார்கள். 2021இல் ஒலிம்பிக் ரசிகர்கள் இல்லாமலே நடந்துவிட்டதால், நாற்காலியில் உட்கார்ந்து வியர்க்க ஆளில்லாமல் போனது. தொலைநோக்கு என்றே அவர்கள் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

வரைபடத்தைக் கிழித்ததில் இழந்த காலத்தை யார் முதுகிலிருந்து உரித்து எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரங்க வேலையிலிருந்த 23 வயது இளைஞன் ஒருவன் 2017 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டான். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவன் பார்த்த கூடுதல் வேலை ஏறத்தாழ 190 மணி நேரம். வேலைப் பளுவால் நேர்ந்த சாவு என்று அரசுத் துறையே பிறகு ஒப்புக்கொண்டது. அரங்கத்தை ஒட்டியிருந்த கசுமிகவோகா அரசுக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னபோது அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 1964 ஒலிம்பிக்குக்காக ஒருமுறை வீட்டை இழந்து வந்தவரும் அவர்களில் உண்டு. வாழ்நாளில் இரண்டு முறை, அதே விளையாட்டின் பெயரால், அதே அரசு அவரைத் தெருவுக்குத் துரத்தியது. இந்தப் பத்தியில் நையாண்டிக்கு இடமில்லை.

சரி, தேசிய அரங்கம் இல்லாமல் உலகக் கோப்பை நின்றுபோனதா? ஸப்போரோ முதல் குமமோட்டோ வரை 12 மைதானங்களில் ஜாம்ஜாமென்று நடந்தது. விளம்பரதாரர் பெயர் தெரியக் கூடாது என்ற விதியால் அஜினோமோட்டோ அரங்கம் டோக்கியோ அரங்கமானது, நிஸான் அரங்கம் யோகோஹாமா சர்வதேச அரங்கமானது. டொயோட்டாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கம்பெனியின் பெயரை 1959இலேயே ஊருக்கு வைத்தாகிவிட்டது.

யோகோஹாமா மைதானம் சுருமி ஆற்று வெள்ளம் வந்து தங்குவதற்கென்று விட்ட பள்ளத்தில், தூண்கள்மேல் நிற்கிறது. அக்டோபர் 12ஆம் தேதி ஹகிபிஸ் புயல் அடித்தது. ஆறு பெருகி அந்தப் பள்ளத்தில் வந்து தங்கியது. மறுநாள் மாலை மேலே ஜப்பான் ஸ்காட்லாந்தை 28-21 என்று வென்றது. இறுதி ஆட்டத்துக்கு அங்கே 70,103 பேர் வந்தார்கள். அந்தத் தூண்களைக் கணக்குப் போட்டவர் யாரென்று எந்த ரசிகருக்கும் தெரியாது. அவர் சிப்பி எதையும் வரையவில்லை.

அந்த 12இல் ஒன்றான கமாயிஷிக்கு வருகிறேன். இரும்பாலை ஊர். அதன் ரக்பி அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து ஏழு முறை ஜப்பான் சாம்பியன். ஆழிப்பேரலை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன ஊரும் அதுதான். அலையில் அழிந்த இரண்டு பள்ளிகளின் மனையில் 16,000 பேருக்கு ஒரு மைதானம் கட்டினார்கள். அதிலும் 10,000 இருக்கைகள் தற்காலிகம், ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடலாம் என்ற நிதானத்தோடு. அங்கே உருகுவே ஃபிஜியை 30-27 என்று கவிழ்த்தது. டோக்கியோவில் இடித்துத் தள்ளிய பழைய தேசிய அரங்கத்தின் நாற்காலிகளில் சிலவற்றை அந்த ஊர்தான் வாங்கிக்கொண்டு போய்ப் பொருத்தியிருந்தது. ஆக, குப்பைக்குப் போக இருந்த நாற்காலி உலகக் கோப்பை பார்த்தது. 15,700 கோடி யென் அரங்கம் பார்க்கவில்லை.

அப்படியானால் அத்தனை ஆர்ப்பாட்டமும் யாருக்காக? அரங்கம் நிற்கும் மெய்ஜி ஜிங்கு வெளித்தோட்டம் ஏறத்தாழ நூறாண்டாகப் பாதுகாக்கப்பட்ட எழில் வட்டாரம். 15 மீட்டருக்கு மேல் அங்கே கட்டக் கூடாது என்று இருந்தது. ஹதீதின் வளைவுகளுக்காக 2013இல் டோக்கியோ நிர்வாகம் அந்த வரம்பை 75 மீட்டராகத் தளர்த்தியது. வளைவுகள் போய்விட்டன, தளர்த்தியது தளர்த்தியதுதான். ஒருமுறை உடைந்த பூட்டுக்கு அடுத்தவன் சாவி தேட மாட்டான். இப்போது அதே வட்டாரத்தில், மறுசீரமைப்புத் திட்டம் என்ற பெயரில், சுமார் 190 மீட்டர் உயரத்துக்குக் கோபுரங்கள் வரவிருக்கின்றன. மரங்களை விட்டுவிடுங்கள் என்று இசையமைப்பாளர் ரியூயிச்சி ஸகமோட்டோ 2023இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு, டோக்கியோ ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். 2024 அக்டோபரில் வெட்டு விழத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தின் இடிப்புப் பட்டியலில் சிச்சிபுனோமியா மைதானமும் இருக்கிறது. 1947இல், எரிந்து கிடந்த டோக்கியோவில், ரக்பிக்காரர்கள் காசு திரட்டிக் கட்டிய தாய்வீடு. சுமார் 25,000 பேர் உட்காரலாம். அதற்குப் பதிலாக வரப்போவது கூரை போட்டுச் செயற்கைப் புல் விரித்த கூடம். ரக்பி என்றால் அதில் சுமார் 15,000 பேருக்கு இடம். கச்சேரி என்றால் 20,000.