கோச் அண்ணனும் ஒரு வெள்ளிச் சீட்டும்

மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எந்தப் பக்கம் போனாலும், நான்கு தமிழ்க் குடும்பம் சேர்ந்திருக்கும் தாமானில் ஒரு கோச் அண்ணன் இருப்பார். பந்தாட்டக் கோச் இல்லை; பந்தாகிவிட்ட வயிறுகளுக்குக் கோச். போன வருஷம் காப்புறுதி விற்றார், அதற்கு முந்தின வருஷம் தண்ணீர் வடிகட்டி, இப்போது ஆரோக்கியம். பச்சைச் சட்டை, கையில் குலுக்கிக் குடிக்கும் புட்டி, கைப்பேசியில் இரண்டு படங்கள். முதல் படத்தில் மூச்சை விட்டு, வயிற்றைத் தள்ளி, வீடு ஏலத்துக்குப் போன முகத்தோடு நிற்கிறார். இரண்டாவதில் மூச்சை இழுத்துப் பிடித்து, புதுச் சட்டையில் சிரிக்கிறார். அவருடைய படிப்பு, பட்டம், பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் அந்த இரண்டு படங்களுக்குள் அடக்கம். கல்யாண மண்டபத்தில் நீங்கள் இரண்டாவது அப்பளத்தை எடுக்கும்போது, எங்கிருந்தோ அவர் பார்ப்பது உங்கள் முதுகில் உறைக்கும்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் சின்ன மெஷின்தான் அவருடைய பிரம்மாஸ்திரம். "அக்கா, உங்களுக்கு என்ன வயசு?" "நாப்பத்திரண்டு தம்பி." "மெஷின் வேற சொல்லுது லா. உங்க உடம்புக்கு அறுபத்திமூணு." அக்காவின் மாமியாருக்கே அறுபத்திரண்டுதான். மாமியாரைவிட மூத்தவளாகிவிட்ட அதிர்ச்சியில் அக்கா உட்கார்ந்துவிடுகிறார். அவர் உட்கார்ந்ததும் கோச் அண்ணனின் பான மாவு டின் திறக்கிறது. அந்த மெஷின் செய்வது இவ்வளவுதான்: உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, அதற்கு எவ்வளவு தடை என்று பார்க்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அதை வைத்துக் கொழுப்பின் அளவை ஊகிக்கிறது. வியர்த்துக் களைத்திருந்தால் ஒரு கணக்கு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் இன்னொரு கணக்கு. 'உடம்பின் வயது' என்பது மெஷினைச் செய்தவர் எழுதிவைத்த சூத்திரம். முதல் வாரம் குறையும் இரண்டு கிலோவின் கதையும் இதே தண்ணீர்தான். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்து, கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். சோற்றை நிறுத்தியதும் கையிருப்பு கரைகிறது, தண்ணீர் கழிவறைக்குப் போகிறது, பெருமை கோச் அண்ணனுக்குப் போகிறது.

ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாது. அவருக்கு வாடிக்கையாளர் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. புக்கிட் ஆசாகான், தெபோங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை, விடியுமுன் ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டு வெட்டுக்குப் போனது. மரம் மரமாக நடந்து, பால் வாளியைக் காண்டாக் கம்பில் சுமந்து, மத்தியானம் மலையாகச் சோறு சாப்பிட்டது. அந்தச் சோறு உடம்பில் தங்க நேரமே இருக்கவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகின, பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். நடை போய்விட்டது, மலை மட்டும் தட்டிலேயே இருக்கிறது, பக்கத்தில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் சேர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்றது. ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது இனிப்பு நீரில் முதலிடம் இந்தியர்களுக்கு. பொருளாதாரத்தில் கேட்டுக் கிடைக்காத முதலிடம், இங்கே கேட்காமலே கிடைத்திருக்கிறது.

ஆகவே எடை குறைக்க ஒருவரைத் தேடுவது தேவைதான். யாரைத் தேடுவது என்பதில்தான் நாம் வழுக்குகிறோம். ஒல்லியானவரைத் தேடுகிறோம். இது தப்புக் கணக்கு. ஒருவர் தன் எடையைக் குறைத்தார் என்பது அவர் உடம்பைப் பற்றிய சேதி. உங்கள் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. பார்க்க வேண்டியது இரண்டு. எதையும் சொல்வதற்கு முன் அவர் உங்களிடம் என்ன கேட்கிறார்? நீங்கள் எதுவுமே வாங்காமல் எழுந்து போனால் அவருக்கு என்ன நட்டம்? கோச் அண்ணன் முதல் கேள்வியில் வயதைக் கேட்பார், இரண்டாவதில் ரொக்கமா தவணையா என்பார்.

"மாவைக் கரைத்துக் குடித்து எத்தனையோ பேர் இளைத்திருக்கிறார்களே" என்று அவருடைய புலனக் குழு எழும்பும். உண்மைதான். பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு 2018-இல் 'லான்செட்' இதழில் வந்தது. மூன்றிலிருந்து ஐந்து மாதம், நாளொன்றுக்கு சுமார் 850 கலோரிக்கு உணவுக்குப் பதிலான பானங்களை மட்டும் கொடுத்தார்கள்; ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு இரண்டாம் வகை இனிப்பு நீர் மருந்தில்லாமலே அடங்கியிருந்தது. கோச் அண்ணன் இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டலாம். ஆனால் அதே ஆய்வில் முதல் நாளே இனிப்பு நீர் மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். பயிற்சி பெற்ற தாதியரோ டயட்டீஷியனோ கூடவே இருந்து கவனித்தார்கள். இந்தப் பாதியை யாரும் அச்சடிப்பதில்லை. நம்மூர் அக்கா கிளிக்லசைட் சாப்பிடுகிறவராக இருந்தால் என்ன ஆகும்? அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். மாத்திரை உள்ளே போய், சோறு போகாமல், பாதி டம்ளர் பானத்தோடு நின்றால் ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்த்துக்கொட்டும், கண் இருட்டும். போனில் கூப்பிட்டுக் கேட்டால் கோச் அண்ணன் உற்சாகமாகச் சொல்வார்: "நல்லதுக்கா! நச்சு வெளியாகுது!" அந்த நேரத்தில் அக்காவுக்கு வேண்டியது இரண்டு மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர். கோச் அண்ணன் வீட்டில் சீனியே வைத்துக்கொள்வதில்லை.

கோச் அண்ணனுக்கு நேரெதிரான ஆள், அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் இருக்கும் டயட்டீஷியன். அவருடைய அறையில் முன்படம் பின்படம் இல்லை; கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, அரைத் தட்டு காய்கறி பழம் என்று 'சுக்கு சுக்கு செப்பாரோ' படம் ஒன்று தொங்கும். வாழையிலையில் கால் எங்கே, அரை எங்கே என்று நாம் திணறுவது வேறு விஷயம். டயட்டீஷியன் கேட்டுக்கொண்டே இருப்பார்: நேற்று பசியாற என்ன, தே தாரிக் எத்தனை, இரவு ஷிப்டில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, என்ன மாத்திரை, எப்போதிலிருந்து. சட்டமும் அவருக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2016-இல் நிறைவேறி 2020-இல் நடப்புக்கு வந்த 774-ஆவது சட்டம், டயட்டீஷியன் உட்பட 23 சுகாதாரத் தொழில்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவு இருப்பவர் தப்புச் செய்தால் அந்தத் தொழில்களுக்கான மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த 23-இல் 'கோச்' கிடையாது. அவர் பதில் சொல்ல வேண்டியது தனக்கு மேலே இருக்கும் 'அப்லைன்' ஒருவருக்குத்தான், அவரும் கேட்பது இந்த மாத விற்பனையை மட்டும்.

இதற்கும் மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளிதான். ஆனால் டாக்டரைப் பார்த்து, கடிதம் வாங்கி, தேதி கிடைக்க வாரங்கள் ஆகும். பேச்சு மலாயில் நடக்கும். பாட்டிக்கு வரும் மலாய் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசப் போதும், கொழுப்புக் கணக்குப் பேசப் போதாது. கோச் அண்ணனோ வீட்டுக்கே வருகிறார், தமிழில் பேசுகிறார், பிறந்த நாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார். இந்த அன்புக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு நீரின் விளிம்பில் நின்ற இந்தியர்களுக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை சொல்லி வந்ததிலேயே நோய் வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே குறைந்தது என்பதுதான் இதில் ரசமான சேதி. விடாமல் விசாரிக்க ஓர் ஆள் இருப்பது பலன் தரும். ஆனால் அந்த ஆள் டின்னோடுதான் வர வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மொழிச் சிக்கலுக்கு, படித்த பேரப்பிள்ளையை உடன் அழைத்துப் போகலாம்.

டின்னையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது நல்லது. மருந்து, துணைச்சத்து வகை என்றால் 'மால்' என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். 'மெலியும் காப்பி' வகைகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதை சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2010-இல் பல நாடுகளின் சந்தையிலிருந்தே விலக்கப்பட்ட மருந்து அது. "இயற்கை மூலிகை அக்கா, பக்கவிளைவே இல்லை" என்பவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர் ஏமாற்றுவதில்லை, முதலில் ஏமாந்தவர் அவர்தான்.

அதனால் கோச் அண்ணனை ஊரைவிட்டு விரட்ட வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டில் கைவைக்குமுன் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் போகட்டும். கோச் அண்ணனை விடியற்காலை ஐந்தரைக்குத் தாமான் திடலுக்கு நடக்கக் கூப்பிடட்டும். அவருக்கு இருக்கும் குரலுக்கும் விடாப்பிடிக்கும் முப்பது பேரை நடக்கவைத்துவிடலாம். தினமும் வந்தால் அவர் உங்கள் நலம் விரும்பி. டின் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று வராமல் போனால், அவர் யாருடைய எடையைக் குறைக்க வந்தவர் என்பது உங்கள் பணப்பைக்குத் தெரியும்.