மாமாவைக் கேளுங்கோ: இந்த முறை ஆய்வு ஆங்கிலம்

கே: சமூகவியல் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மூன்று தரம் வாசித்தும் விளங்கவில்லை. எனக்கு மூளை குறைவா மாமா? (மாணவி, காங்கேசன்துறை)

ப: பிள்ளை, 1998 ஆம் ஆண்டுக்கான படுமோசமான எழுத்து எது என்று ‘பிலோசபி அன்ட் லிட்ரேச்சர்’ இதழ் போட்டி வைத்தது. முதற்பரிசு தத்துவவாதி ஜூடித் பட்லரின் ஒரே ஒரு வாக்கியத்துக்கு. தொண்ணூறு சொற்களுக்கு மேல்! கீரிமலைக் கேணியில் சுழியோடுகிறவனுக்கும் அவ்வளவு மூச்சு இராது. பட்லர் பெரிய ஆள்தான். வாக்கியம் அவரை விடப் பெரிதாகிவிட்டது.

கே: எத்தனை சொல் பாடமாக்க வேண்டும்? (மாவிட்டபுரம்)

ப: நியூசிலாந்தின் அவெரில் கொக்ஸ்ஹெட் 2000 இல் எண்ணித் தந்த கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். நாளுக்கு மூன்று என்றால் 190 நாள். பயப்படாதேயும். டேட்டா, பொலிசி, கொன்டெக்ஸ்ட், எவிடென்ஸ் எல்லாம் அதில் முதல் வரிசை. என்.ஜி.ஓ. செயலமர்வில் மதியச் சாப்பாட்டுப் பார்சலோடு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்.

கே: ‘ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கிறது’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்பால் வெட்டுகிறார். (இளவாலை)

ப: நாற்பது பேரைப் பேட்டி கண்டுவிட்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதினால் வெட்டாமல்? ‘மே’, ‘சஜெஸ்ட்ஸ்’, ‘டென்ட்ஸ் டு’ என்று பிடிகொடாமல் எழுதும். கலியாணத் தரகரிடம் உம்முடைய அப்பா “பாப்பம்” என்றாரே, அதேதான். யாழ்ப்பாணத்தாருக்கு இதைப் படிப்பிக்க வெள்ளைக்காரன் தேவையில்லை.

கே: அறிமுகம் எழுதத் தொடங்கினால் ஆதிமனிதனில் இருந்து வருகிறது. (தெல்லிப்பழை)

ப: அந்தாளைச் சும்மா விடும், தம்பி. ஆய்வு எழுத்தை ஆராய்ந்த ஜோன் ஸ்வேல்ஸ் 1990 இல் அறிமுகத்துக்கு மூன்று அடி சொன்னார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பற்றி எழுதுகிறீர் என்று வையும். ஆலை 1990 இல் போரோடு நின்றது, அதைப் பற்றி இன்னின்னார் எழுதியிருக்கினம்: இது முதலாவது. அந்தச் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகளை ஒருவரும் விசாரிக்கவில்லை: இது இரண்டாவது. நான் விசாரிக்கிறேன்: முடிந்தது. ஆனால் இரண்டாவதை எழுத முதல் நூலகத்துக்குப் போய், உண்மையிலேயே ஒருவரும் விசாரிக்கவில்லையா என்று பாரும். விசாரித்தவர்தான் உமக்குப் பரீட்சகராக வந்து இருப்பார்.

கே: ஐ.ஈ.எல்.ரி.எஸ். இல் 7 எடுத்துவிட்டேன். போதாதா? (சுன்னாகம்)

ப: விசாவுக்குப் போதும்.

கே: இங்கிருந்து எழுதினால் உலகம் வாசிக்குமா? (மயிலிட்டி)

ப: சுரேஷ் கனகராஜா 1984 தொடக்கம் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். போர்க்காலம். மின்சாரம் இல்லை, எழுதத் தாளில்லை, தபால் வந்தால் அதிசயம். வெளிநாட்டு இதழ்களோ இத்தனை பிரதி, இப்படித் தட்டச்சு என்று நிபந்தனை போட்டன. அறிவு இருந்தாலும் தாள் இல்லாதவன் அறிஞன் இல்லை என்ற இந்தக் கூத்தை அவர் 2002 இல் ‘எ ஜியோபொலிட்டிக்ஸ் ஒவ் அகடமிக் ரைட்டிங்’ என்று புத்தகமாக்கினார். பிறகு ‘டெசோல் குவார்ட்டர்லி’ என்ற சர்வதேச இதழுக்கே ஆசிரியரானார்; நிபந்தனை போடுகிற கதிரையில் போய் இருந்தார். ஒன்றை மறைக்க மாட்டேன்: புத்தகம் வந்தது அமெரிக்காவில் இருந்துதான். இண்டைக்கு உமக்குத் தாளும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். வேறு சாட்டுத் தேடும்.

கே: ஆங்கிலத்தில் எழுதினால் தமிழ் போய்விடாதா? (கீரிமலை)

ப: சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர்தான் 1887 இல் கலித்தொகையை ஏட்டில் இருந்து எடுத்து அச்சேற்றினார். தமிழறிஞர் கைலாசபதி பர்மிங்காமில் ஆங்கிலத்தில் செய்த ஆய்வு 1968 இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது; பொருள் சங்கப் பாட்டு. ஆறு வருசத்தில் அவரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவர். தமிழுக்கு ஒன்றும் ஆகாது. உம்முடைய தமிழ்தான் கவலைக்கிடம். கேள்வியில் நாலு எழுத்துப்பிழையைத் திருத்தித்தான் போட்டோம்.

கே: சட்ஜிபிரி எழுதித் தருமே? (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: தரும். வாய்மொழிப் பரீட்சைக்கும் அதையே அனுப்பலாமா என்று பீடாதிபதியைக் கேட்டுப் பாரும்.

கே: ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கோ. (காங்கேசன்துறை)

ப: ஹோவர்ட் பெக்கர் எழுதிய ‘ரைட்டிங் ஃபோர் சோஷியல் சயன்ரிஸ்ட்ஸ்’, 1986. சமூகவியலாளர், ஜாஸ் பியானோவும் வாசித்தவர், ஆகவே எழுத்தில் தாளம் தப்பாது. வாசித்து முடித்ததும் உம்முடைய முதற் பக்கத்தை எடுத்துப் படம் காட்டுகிற சொற்களை எல்லாம் வெட்டும். ஒரு பந்திதான் மிஞ்சும் என்றாலும் பரவாயில்லை, நாளைக்கே மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்டும்.