முதலில் போகிறவனுக்கு நீல ஓடு

போன இதழின் கடைசியில் ‘வீடியோ கேம் பற்றியும் கேட்கலாம்’ என்று தெரியாத்தனமாக ஒரு வரி போட்டுவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி, பிள்ளைகள் மேல் பெற்றோர் எழுதிய புகார். மீதி, அதே பெற்றோர் மேல் பிள்ளைகள் எழுதியது. முக்கால்வாசிக் கடிதங்களில் வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் பெயர் இருந்தது. பெயர் போட்டால் வீட்டில் ரகளை ஆகும் என்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மரியோ கார்ட் பந்தயத்தில் கடைசிச் சுற்று வரை நான்தான் முதலிடம். முடிகிற நேரத்தில் ஒரு நீல ஆமை ஓடு பறந்து வந்து என்னை மட்டும் அடிக்கிறது. எட்டு வயதுத் தங்கை ஜெயித்துவிடுகிறாள். இது நியாயமா? (வயது 14, வேலூர்)

நியாயமே இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1996-இல் வந்த ‘மரியோ கார்ட் 64’-இல் தொடங்கியது இந்த நீல ஓட்டின் அராஜகம். முன்னால் போகிறவரைத் தேடிப் போய் அடிப்பது ஒன்றே அதன் வேலை. பாதையில் வரும் பெட்டியில் என்ன கிடைக்கும் என்பதும் நீ எத்தனையாவதாக ஓடுகிறாய் என்பதைப் பொறுத்ததுதான். முன்னால் போனால் வாழைப்பழத் தோல், பின்னால் தங்கினால் ராஜமரியாதை.

திறமைக்கு மதிப்பில்லை என்று விமர்சகர்கள் அன்றைக்கே புலம்பினார்கள். என் கட்சி வேறு. பரமபதத்தில் சொர்க்கவாசல் வரை ஏறினவனைப் பாம்பு கடித்துக் கீழே தள்ளியபோது யார் வழக்குப் போட்டார்கள்? அந்த ஒரு பாம்பு இருந்ததால்தான் பாட்டியும் பேரனும் ஒரே பலகையில் உட்கார முடிந்தது. ஆனாலும் உன் புகாரில் ஒரு நியாயம் உண்டு. பரமபதத்துப் பாம்புக்கு ஆள் வேற்றுமை கிடையாது, இந்த ஓட்டுக்கு உண்டு.

உனக்கு மட்டும் ஒரு ரகசியம்: ‘மரியோ கார்ட் 8’-இல் ஒரு ஒலிபெருக்கி கிடைக்கும். ஓடு தலைக்கு மேல் வந்ததும் அதை அடித்தால் ஓடு சுக்குநூறாகிவிடும். தங்கையிடம் சொல்லாதே.

கேள்வி: இணையத்தில் பத்துக்கு ஒன்பது, நூற்றுக்குத் தொண்ணூறு என்று மதிப்பெண் போடுகிறார்களே, அதைப் பார்த்து வாங்கலாமா? (ஓர் அப்பா, ஈரோடு)

ஜப்பானில் ‘ஃபாமிட்சு’ என்றொரு பத்திரிகை. அங்கே நான்கு பேர் விளையாடிப் பார்த்து, ஆளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மொத்தம் 40. முதன்முதலாக முழு 40 வாங்கியது 1998-இல் வந்த ‘செல்டா: ஒகரினா ஆஃப் டைம்’. வாள், இளவரசி, காலப்பயணம் எல்லாம் கொண்ட பெரிய காவியம், கொடுத்தது தகும். 2005-இல் ‘நிண்டெண்டாக்ஸ்’ வந்தது. அதில் கதை கிடையாது, எதிரி கிடையாது. கையடக்கத் திரையில் ஒரு நாய்க்குட்டியைத் தடவிக்கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கும் 40. காவியத்துக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே மார்க் என்றால் அளவுகோலில் ஏதோ கோளாறு என்பார்கள் சிலர். அந்த நான்கு பேரை மனதார வாழ்த்துகிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2006-இல் வீ என்ற கருவியோடு வந்தது ‘வீ ஸ்போர்ட்ஸ்’. கையில் ரிமோட்டைப் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும். பெரிதாகப் பட்டன் வேலை இல்லை. அதுவரை வீடியோ கேம் பக்கமே வராத தாத்தாக்கள் எழுந்து நின்று பௌலிங் ஆடினார்கள். 8 கோடிக்கு மேல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த ஆட்டம் அது. விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி எடுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் அதற்கு 76. படம் சுமார், ஆட்டங்கள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது விமர்சகர்களின் குறை. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ராத்திரி தனியாக உட்கார்ந்து, காலைக்குள் கட்டுரை தர வேண்டிய அவசரத்தில் ஆடினால் அப்படித்தான் தெரியும். முகூர்த்தத்துக்கு முதல் நாளே மண்டபத்துக்குப் போய், யாருமில்லாத பந்தியில் ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு மார்க் போடுவது போல.

ஆகவே மார்க்கை விட்டுவிட்டு மூன்று விஷயங்களுக்கு மட்டும் விமர்சனம் படியுங்கள்: விலை, பழுது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடலாம். அங்கே விமர்சகர்கள் பெரும்பாலும் தவறுவதில்லை.

கேள்வி: ‘அனிமல் கிராஸிங்’ வாங்கினோம். மூத்தவள் முதலில் ஆரம்பித்தாள். இப்போது இளையவன் ஒரு பாலம் கட்டக்கூட முடியாது என்கிறான். வீட்டில் தினமும் பஞ்சாயத்து. (ஓர் அம்மா, திருச்சி)

பட்டா மூத்தவள் பேரில் இருக்கிறது, அம்மா. அதுதான் சிக்கல்.

2020 மார்ச் 20-இல், உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரத்தில், நீங்கள் வாங்கிய ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானது. மீன் பிடிக்கலாம், மரம் நடலாம், அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியிடம் குசலம் விசாரிக்கலாம். அந்த நேரத்துக்கு அப்படியொரு மருந்து. ஆனால் ஒரு கருவிக்கு ஒரே தீவு. முதலில் உள்ளே வந்தவர்தான் ஊர்ப் பிரதிநிதி. பாலம் எங்கே, கடை எங்கே என்பதெல்லாம் அவர் முடிவு. அடுத்து வருகிறவர்கள் வீடு கட்டிக்கொள்ளலாம், ஊர் விவகாரத்தில் வாய் திறக்க முடியாது. இளையவனுக்குத் தனித் தீவு வேண்டுமென்றால் தனிக் கருவியே வாங்க வேண்டும்.

குடும்பம் குடும்பமாக விளையாடுங்கள் என்று விற்ற பண்டத்தில் இப்படி ஒரு விதி. விமர்சகர்கள் தாராளமாக மார்க் போட்டார்கள். வாங்கியவர்கள் மெட்டாக்ரிட்டிக்கில் வரிசையாக நின்று பூஜ்யம் போட்டார்கள். பூஜ்யம் அநியாயம்தான், கோபம் நியாயம். ஆட்டத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்காமல் அனுப்பியதைச் சொல்வேன்.

அந்தத் தீவில் டாம் நுக் என்ற வியாபாரி வீட்டுக்கடன் தருகிறார். வட்டி இல்லை, தவணைத் தேதி இல்லை, ஆள் அனுப்பி மிரட்டுவதும் இல்லை. பிள்ளைகளுக்கு வங்கிகளைப் பற்றி இப்படியொரு தவறான அபிப்பிராயம் உண்டாவது பற்றி யாருமே கண்டனம் எழுதவில்லை.

கேள்வி: சுவிட்ச் கருவியின் கேம் கார்ட்டை என் பையன் வாயில் போட்டுவிட்டு ‘உவ்வே’ என்று துப்பினான். பயமாக இருக்கிறது. (கடலூர்)

துப்பினானே, அதற்குத்தான் அந்தக் கசப்பு. பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாதென்று டெனடோனியம் பென்சோயேட் என்ற பொருளைப் பூசியிருக்கிறார்கள். நம் வீடுகளில் விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவுவதில்லையா, அந்த வகை. 2017-இல் நிண்டெண்டோவின் சுவிட்ச் வந்த வாரத்தில் கேம் விமர்சகர்கள் அதை நக்கிப் பார்த்து எழுதினார்கள். விமர்சன வரலாற்றில் எல்லாரும் ஒரே கருத்துச் சொன்ன அபூர்வத் தருணம் அது.

நானும் நக்கினேன். கார்ட்டைப் பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்றால் ரத்தம் காட்டாத ஆட்டம் என்று அர்த்தமா? (ஓர் ஆசிரியை, மதுரை)

நிண்டெண்டோவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1993-இல் ‘மார்ட்டல் காம்பாட்’ வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. ஒருவரை ஒருவர் அடித்து நொறுக்கும் ஆட்டம். நிண்டெண்டோ தன் கருவிக்கான பதிப்பில் ரத்தத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிற வியர்வையைத் தெளித்தது. போட்டி நிறுவனமான சேகாவின் பதிப்பில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தினால் ரத்தம் கொட்டும். எது அதிகம் விற்றது என்று சொல்ல வேண்டியதில்லை. விஷயம் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது. அடுத்த வருஷமே வயதுவாரியாக முத்திரை குத்த ஓர் அமைப்பு வந்தது. அதே வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் நிண்டெண்டோவும் ரத்தத்தைத் திறந்துவிட்டது.

இப்போது இன்னொரு பக்கம். 1998-இல் ஜப்பானில் ‘மரியோ பார்ட்டி’ வெளியானது. வண்ணம், சிரிப்பு, பலூன். அதில் சில குட்டி ஆட்டங்களில் கன்ட்ரோலர் குச்சியை வேகவேகமாகச் சுழற்ற வேண்டும். விரலால் சுற்றினால் தோற்றுப்போகலாம் என்று அமெரிக்கப் பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அரைத்தார்கள், ஆட்டுக்கல் போல. கை கொப்பளித்தது, தோல் உரிந்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்டார். 2000-இல் நிண்டெண்டோ பிள்ளைகளுக்குக் கையுறை தர ஒப்புக்கொண்டது. திரையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எல்லாம் உள்ளங்கையில்தான்.

அதனால், டீச்சர், பெட்டி மேலே உள்ள முத்திரையையும் பாருங்கள், ஆடி முடித்த பிள்ளையின் கையையும் பாருங்கள்.

கேள்வி: ‘செல்டா’வில் வாள் உடைந்துகொண்டே இருக்கிறதே? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வந்த 2017 முதல் இதே சண்டை. உடையாத வாள் கிடைத்தால் அதையே வைத்துக்கொண்டு மீதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். மாஸ்டர் வாள் மட்டும் உடையாது. ஆனால் களைத்துப்போய்ப் பத்து நிமிஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும். நிரந்தர உத்தியோகம்.

கேள்வி: நான் கையை எடுத்த பிறகும் பொம்மை தானாக நடக்கிறது. பாட்டி மந்திரிக்கச் சொல்கிறார். (சேலம்)

பாட்டியின் யோசனை செலவு குறைந்தது. இது ‘டிரிஃப்ட்’ என்கிற வியாதி. ஜாய்-கான் என்ற சுவிட்ச் கன்ட்ரோலரின் குச்சிக்குள் இருக்கும் தொடுபகுதி தேய்ந்து, இல்லாத அசைவை இருப்பதாகச் சொல்கிறது. நிறுவனத் தலைவர் ஃபுருகாவா 2020-இல் வருத்தம் தெரிவித்தார். காந்தத்தால் இயங்கும், உரசித் தேயாத குச்சிகள் சந்தையில் உண்டு. ஆனாலும் 2025-இல் வந்த சுவிட்ச் 2-இல் நிண்டெண்டோ அந்த வகையைப் போடவில்லை. வருத்தத்தின் ஆழம் அவ்வளவுதான்.

கேள்வி: நிண்டெண்டோ எப்போதும் பழைய சரக்கைத்தான் விற்கிறது என்கிறான் என் நண்பன். உண்மையா? (கோயம்புத்தூர்)

உண்மை. அதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர்கள். கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், வாடிப்போன தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் பயன்படுத்து என்பார். 1989-இல் வந்த கேம் பாயில் பாசி பிடித்த குளம் போல ஒரு பச்சைத் திரை. விளக்குகூடக் கிடையாது. அடுத்த வருஷமே சேகாவின் கேம் கியர் வண்ணத்திரையோடு வந்தது. பார்த்தவர்கள் கேம் பாய் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். நீண்ட பஸ் பயணத்தில் எது துணைக்கு வரும்? வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் பாய், அதற்குப் பிறகும் ‘டெட்ரிஸ்’ ஓடும் நிலையில், நிண்டெண்டோவின் நியூயார்க் கடையில் வருஷக்கணக்கில் காட்சிக்கு இருந்தது.

பழைய சோறு தப்பில்லை. பழைய சோற்றில் கல் கிடந்தால் தப்பு. 2022-இல் ‘போக்கிமான் ஸ்கார்லெட்’, ‘வயலெட்’ வந்தன. திறந்த உலகம், நல்ல யோசனை. ஆனால் படம் திக்கியது, மனிதர்கள் தரைக்குள் புதைந்தார்கள், தூரத்தில் சுற்றிய காற்றாலை பழைய பயாஸ்கோப் போல விட்டுவிட்டு அசைந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதற்குள் மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றிருந்தன. ‘பிள்ளைங்கதானே, கண்டுக்க மாட்டாங்க’ என்கிற துணிச்சல் இது. போக்கிமானைப் படைத்த சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பூச்சியின் காலில் எத்தனை முள் என்று எண்ணிப் பார்க்கிற வயது அது. அந்த வயதுக்காரர்களுக்குத்தான் இதைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றும் மன்னிக்க முடியாதது. ‘வீ ஸ்போர்ட்ஸ்’ ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் கருவியோடு சும்மா வந்தது. சுவிட்ச் வந்தபோது கருவியின் திறமையைக் காட்டும் அதே வேலைக்கு, மாடு கறக்கும் ஆட்டம் உட்பட, ‘ஒன்-டூ-சுவிட்ச்’ என்று தனியாக 50 டாலருக்கு விற்றார்கள். சுவிட்ச் 2-இல் கருவியைச் சுற்றிக்காட்டும் ‘வெல்கம் டூர்’ 10 டாலர். மாப்பிள்ளை அழைப்புக்கு டிக்கெட் போட்டது போல.

கேள்வி: தொண்ணூறுகளில் டிவி கேம் கேசட்டை ஊதிச் சொருகினால் ஓடுமே, அந்தக் கலை எங்கே போனது? (வயது 45, கும்பகோணம்)

நம் ஊரில் அது நிண்டெண்டோ என்றே யாருக்கும் தெரியாது. நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல் பெட்டி, மஞ்சள் கேசட், மேலே லட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று அச்சு. உள்ளே நாலைந்துதான் திரும்பத் திரும்ப வரும். ஊதக் கூடாது, எச்சில் ஈரத்தில் உலோகம் கெட்டுவிடும் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. ஓடியது நம் மூச்சால் அல்ல, கழற்றித் திரும்பச் சொருகியதால். உங்கள் நினைவைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று வாங்குவதானால் எது? (தஞ்சாவூர்)

‘மரியோ கார்ட் 8 டீலக்ஸ்’. நாலு பேர் ஒரே டிவியில் ஆடலாம். வண்டி பாதையை விட்டு விழாமல் தானே திரும்பும் வசதி உண்டு. சின்னப் பிள்ளைக்கும் மாமனாருக்கும் அதைப் போட்டுவிடுங்கள், மாமனாரிடம் சொல்ல வேண்டாம். 2014-இல் வீ யூ கருவிக்கு வந்ததை 2017-இல் மறுபடி விற்றார்கள், விலை லேசில் இறங்குவதில்லை. தள்ளுபடிக்காகக் காத்திருந்து பிள்ளையின் பள்ளிப்பருவத்தைக் கடத்திவிடாதீர்கள்.

அடுத்த இதழில் சமையலறைச் சாமான்கள் பற்றிக் கேட்கலாம். வேலூர்த் தம்பி, உன் தங்கையிடமிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. அந்த ஒலிபெருக்கி விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.